ஏனம் வந்ததா?

பாற்கடல் துயின்றோய்! பசித்தவர் கலத்தில்
சோறென நிறைவோய்! சொல்லெனும் கலத்தில்
நீயே நிறைந்து நின்று
வாயிலில் நிற்போர் வாழ அருள்வாயே.

இன்று புரட்டாசித் திங்கள், வளர்பிறைத் துவாதசி, திருவோணமும் கூடியிருக்கிறது. நேற்று ஏகாதசி உபவாசம் இருந்து, இன்று காலை அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை முடித்தேன். கீரை சந்தையில் வாங்கியது. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். முன்பெல்லாம் துவாதசிக் காலையில் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு கை நீளும். அந்தக் கையில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருக்கும். தூக்கு நிறைய அப்போதுதான் உருவிய அகத்திக்கீரை இருக்கும். அந்தக் கைக்கு உரியவரைப் பற்றி எழுதவே உட்கார்ந்திருக்கிறேன். நாள்தோறும் பாசுரம் ஓதுகிறவன் நான். ஆயினும் இன்று ஓதி முடித்த பின்பு நாவில் நின்றது பாசுரம் அன்று. அவ்வம்மையார் என்னை ஓயாமல் கேட்ட ஒரு கேள்வி.

"சாமி, ஏனம் வந்துச்சா?"

எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை ஏனம் என்பார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் வீட்டு ஏனங்கள் ஒவ்வொன்றிலும், விளிம்புக்குக் கீழே, அது புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். அங்கே இருந்தால் போதும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய தெருவில் எங்கள் இருவர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நான் ஓர் இரும்பாலையின் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவர், உணவுப் பொருள் கட்டும் பிளாஸ்டிக் டப்பாக்களை வார்க்கும் தொழிற்சாலையில், எந்திரத்திலிருந்து சூடாக விழும் மூடிகளைப் பிசிறு நீக்கி அடுக்கியவர். நான் நாமம் தரித்தவன். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயம் செல்பவர். கணவர் முன்னமே இறந்துவிட்டார். ஒரே மகன். பெற்றோர் வயல் வேலைக்குப் போனார்கள், தாம் ஆலை வேலைக்குப் போனார், மகன் சென்னையில் கணினி வேலைக்குப் போகிறான் என்று தம் குலத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். மற்றதெல்லாம் ஏனத்தைப் பற்றிய பேச்சுதான்.

நான் விடியலில் பாசுரம் ஓதும் நேரத்தைக் கொண்டே அவர் அடுப்பு நடந்தது. "நீங்க பாடி முடிக்க சொல்லோ என் ஊட்ல உலை கொதிக்கும் சாமி. ஒருநாள் தொண்ட கட்டிக்கினு நீங்க பாடல, எனக்கு அரிசி கொழஞ்சு பூட்ச்சு" என்று ஒருமுறை குறைபட்டுக்கொண்டார்.

ஆயுள் முழுதும் டப்பா செய்தவர், தம் வீட்டில் ஒரு டப்பாவையும் சேர்த்ததில்லை. எங்கே எந்தப் பிளாஸ்டிக் கலத்தைக் கண்டாலும் முதலில் அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை அந்த எண் சொல்லும். ஐந்து என்றிருந்தால் அவர் முகம் தெளியும். ஆறு என்றால் சுருங்கும். எண்ணே இல்லாவிட்டால் அந்தக் கலத்தைக் கீழே வைத்துவிட்டு, தொட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வார்.

இந்தப் பழக்கத்தால் வந்த வம்புகள் பல. தெருக்கோடியில் ஒரு புதுமனை புகுவிழா. வந்தவர்களுக்குச் சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுடச்சுடப் பாயசம் கொடுத்தார்கள். அம்மையார் வாங்கினார், வாங்கிய கையோடு, பழக்கத்தின் வேகத்தில், அடியைப் பார்க்கக் கவிழ்த்துவிட்டார். பாயசம் முழுதும் வீட்டுக்காரரின் புதுப் பட்டு வேட்டியில் வழிந்தது.

"இன்னாம்மா இது, கண்ணு கீதா இல்லியா?"

"ஆறு போட்டுகீது நைனா. இதுல சூடா ஊத்தக்கூடாது" என்றார் அம்மையார், சிறிதும் அசையாமல்.

"அப்டியே வேட்டில இன்னா நம்பர் போட்டுகீதுன்னும் பாத்துச் சொல்லிட்டுப் போ!"

பந்தல் முழுதும் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த விசேஷத்திலும் கவிழ்த்துத்தான் பார்த்தார். கலத்தில் இருந்ததை முதலில் வேறொன்றில் ஊற்றிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் திருந்தியிருந்தார்.

தொழிற்பேட்டை வாயிலில் இருந்த தேநீர்க்கடைக்காரருக்கும் அவருக்கும் ஓயாத வழக்கு. ஆலைக்குப் பார்சல் போகும் தேநீரை மெல்லிய கவரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டித் தொங்கவிடுவார் கடைக்காரர். அம்மையார் நின்றுவிடுவார்.

"இன்னா மாஸ்டரு, நெருப்பத் தூக்கிக் கவுர்ல கட்றியே?"

"யக்கா, காலம் பூரா டப்பா ஊத்தி சோறு துன்னவ நீ. நீ வந்து எனக்கு சொல்றியா?"

"அதாண்டா சொல்றேன். மிஷின் சூடானா அது வுடுற நாத்தம் எனக்குத்தான் தெரியும். சும்மா கெடக்குற வரிக்கும் அது சாது. சூடு, புளி, எண்ணெ, உப்பு, இதுல எது பட்டாலும் அது வாயத் தொறக்கும்."

"தொறந்து இன்னா சொல்லும்?"

"உன் டீக்குள்ள போய்ச் சொல்லும். குடிச்சவன் வயித்தாண்ட போய்க் கேளு."

கடைக்காரர் அவரை வணங்கி வழியனுப்புவதுபோல் பாசாங்கு செய்வார். கவரில் ஊற்றுவதை நிறுத்தவில்லை. எங்கள் கோயிலிலும் அப்படித்தான். சனிக்கிழமைப் புளியோதரையைக் கவரில் அள்ளிக் கொடுப்பதைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பெருமாளுக்கு எதுல வெச்சுக் காட்றீங்க சாமி?"

"வெண்கல உருளியில்."

"ஜனத்துக்கு மட்டும் இன்னாத்துக்கு கவுரு? அதுங்களுக்கு மட்டும் வயிறு வேறயா?"

இதைக் கோயில் குழுவில் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஓர் உறுப்பினர் மட்டும், அந்த அம்மாவுக்குப் பொழுது போகவில்லை, அதனால் பேசுகிறார் என்றார்.

அவர் சொன்னது ஒருவகையில் சரி. அம்மையாருக்குப் பொழுது போகவில்லை. அதை வேறு விதமாக நான் அறிந்தது ஒரு தீபாவளியன்று. அன்று தெருவார் பலர் அவருக்குப் பலகாரம் கொடுத்தனர். எல்லாம் தூக்கி எறியும் பிளாஸ்டிக் டப்பாக்களில். அவற்றை வாசற்படியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் நல்ல எண்தான் இருந்தது போலும். ஆயினும் முகம் தெளியவில்லை.

"முன்னெல்லாம் கிண்ணத்துல குடுப்பாங்க சாமி. அந்தக் கிண்ணத்தக் கழுவி, எதனா போட்டு, நான் எடுத்துகினு போவேன். ஒரு வாய்க் காப்பி குடுத்து ஒக்கார வெப்பாங்க. இப்ப டப்பால குடுத்துட்டா வேல முடிஞ்சுது. நான் அவங்க ஊட்டுக்குப் போவ வேணாம், அவங்க என் ஊட்டுக்கு வர வேணாம்."

கொடுத்த ஏனம் திரும்பி வரவேண்டும். வரும்போது வெறுமையாக வரக்கூடாது. இது எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் உள்ள வழக்கம். ஒரு பிடி அரிசியோ, கொல்லையில் காய்த்த எலுமிச்சையோ, எதுவும் இல்லையேல் சிட்டிகை சர்க்கரையோ போட்டுத்தான் தருவோம். அகத்திக்கீரை வந்த தூக்கை என் இல்லாள் வெல்லமோ ஊறுகாயோ இட்டு அனுப்புவாள். அதை வாங்க அம்மையார் மதில் ஓரம் வருவார்; வந்தால் பேச்சு நீளும். பிளாஸ்டிக்கைப் பற்றிய அவருடைய அச்சம் பொய்யன்று, பட்டறிந்து பேசினார். ஆனால் அவர் டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பார்த்ததுபோல அவர் பேச்சைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால், அங்கே வேறோர் அச்சமும் அச்சாகியிருந்தது தெரிந்திருக்கும்.

மகன் திருமணமாகித் திருநின்றவூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனான். கணவனும் மனைவியும் காலையில் மின்ரயில் ஏறிச் சென்னைக்குப் போனால் இருட்டிய பின்பே திரும்புவர். நான் திருவோணந்தோறும் திருநின்றவூர்க் கோயிலுக்குப் போகிறவன். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் போகவேண்டும். இதை அறிந்த அம்மையார் ஒரு தூக்கை என் கையில் கொடுத்தனுப்பத் தொடங்கினார்.

அங்குள்ள தாயாருக்கு என்னைப் பெற்ற தாய் என்று பெயர் என ஒருமுறை சொன்னேன்.

"பேரு நல்லா கீதே. எம் புள்ள ஊட்டாண்டதானே கீறாங்க. அவன ஒரு பார்வ பாத்துக்கச் சொல்லுங்க சாமி."

சொன்னேன். அவர் சார்பில் அந்தச் சந்நிதியில் நின்று ஒவ்வொரு திருவோணத்திலும் சொன்னேன்.

தூக்கில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு இருக்கும். அல்லது வற்றல் குழம்பு. மகனுக்கு மீன் குழம்பின்மேல் உயிர். "சாமி கையில போவுது, கவுச்சி ஆவாது. பெருமாளுக்காவ எம் புள்ள கத்திரிக்கா துன்னட்டும்" என்று சிரிப்பார். கொதிக்கும் குழம்பை நேரே தூக்கில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டித் தருவார். ரயிலில் என் மடி சுடும். டப்பா இலேசாக இருக்குமே அம்மா என்று சொல்லிப் பார்த்தேன்.

"புளியும் எண்ணெயும் சூடும் ஒண்ணா கீது. இத டப்பால ஊத்தவா இத்தினி வருஷம் அந்த நாத்தத்துல நின்னேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தூக்குன்னா திருப்பித் தர வருவான் சாமி" என்றார்.

வரவில்லை. நான் கதவைத் தட்டும் நேரத்தில் அவர்கள் வேலைக்குக் கிளம்ப ஓடிக்கொண்டிருப்பார்கள். மருமகள் ஒரு காதில் தொலைபேசியோடு கதவைத் திறந்து, இரண்டு கையாலும் தூக்கை வாங்கிக்கொண்டு, "போன தூக்கு அடுத்த தடவ குடுத்துடறோம் சாமி, அம்மாகிட்ட சொல்லுங்க" என்பாள். அவள் முகத்தில் அலட்சியம் இல்லை. ஏதோ ஒரு கூச்சம் இருந்தது. வாசலோடு நான் திரும்பிவிடுவேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கித் தெருமுனை திரும்பும்போதே அம்மையார் வாசலில் நிற்பது தெரியும். மகன் நலமா என்று கேட்கமாட்டார்.

"சாமி, ஏனம் வந்துச்சா?"

"அடுத்த முறை தருவார்களாம்."

"அப்டியா" என்று என் வெறும் கையை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போவார். அடுத்த திருவோணத்துக்கு மற்றொரு தூக்கு புறப்படும். அவர் வீட்டு அலமாரியில் ஏனங்கள் குறைந்துகொண்டே வந்தன. இதற்கிடையில் என் இல்லாளும் காலமாகித் திருநாடு எய்தினாள். அகத்திக்கீரை வந்த தூக்கில் சர்க்கரை போட்டுத் தரவும் எனக்குத் தெரியவில்லை என்று அம்மையாரே மதிலுக்கு மேலாகக் கடிந்துகொண்டார். "அடியில ஒட்னாப்ல போட்டா போதுமா சாமி? ஏனத்துக்கு அசிங்கம்."

பிறகு ஒருநாள் நிலையத்துக்கு அருகிலுள்ள பாத்திரக்கடையில் அவரைக் கண்டேன். பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கிய மூலையில் நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் பொறுமை இழந்தாள்.

"இன்னா ஆயா, டப்பா வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணக்கூட இப்டிப் பாக்கல. எம் புள்ளயே பாத்துக் கட்டிக்கினான்" என்றார் அம்மையார். என்னைக் கண்டதும் டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டார்.

அந்தத் திருவோணத்தன்று என் கைக்கு வந்தது அந்த டப்பாதான். உள்ளே பொரிவிளங்காய் உருண்டைகள் இருந்தன. நன்றாக ஆறவைத்து, ஈரமும் எண்ணெயும் படாமல் அடுக்கியிருந்தார். சூடு, புளி, எண்ணெய், உப்பு ஆகிய நான்கும் இல்லாத பண்டம் எது என்று பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறார். நான் வியந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏனத்த திருப்பித் தர்றது அவனுக்குப் பேஜாரா கீது போல. வேலைக்குப் போற பசங்க, இன்னா பண்ணும்? இது வந்தாலும் சரி, வராட்டியும் சரி. தூக்கிப் போட்டுடலாம்னு சொல்லுங்க சாமி."

நான் போனபோது மகனே கதவைத் திறந்தான். டப்பாவை வாங்கினான். தூக்கிப் போட்டுவிடலாம் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டு, "சரி சாமி" என்றான். அன்று ஊர் திரும்பியபோது அம்மையார் வாசலில் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது. அவர் கேட்க ஏதும் இல்லை. நான் சொல்லவும் ஏதும் இல்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. தெருவார் அரசு மருத்துவமனையில் சேர்த்தனர். மகனுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன், புறப்பட்டுவிட்டேன் என்றான். கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே சொட்டு மருந்துப் புட்டி தொங்கியது. அம்மையார் கண் திறந்து அதைப் பார்த்தார்.

"சாமி, அது பிளாஸ்டிக்கா?"

"ஆமாம் அம்மா."

"அடியில இன்னா நம்பர் போட்டுகீது, பாருங்க."

எழுந்து பார்த்தேன். என் கண்ணுக்கு எண் எதுவும் தெரியவில்லை. "ஐந்து" என்றேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிற்பகலில் மகன் படியேறி ஓடிவந்தபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. அடுத்த திருவோணத்தில் கோயிலுக்குப் போனேன், முதன்முறையாக வெறுங்கையோடு. தாயார் சந்நிதியில் சொல்ல வேண்டிய செய்தியைச் சொன்னேன். கால் தன் வழக்கப்படி அவன் வீட்டுக்கும் போயிற்று. மகன் என்னை வாசலில் நிறுத்தவில்லை. கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனான்.

மேல் தட்டு முழுதும் தூக்குகள். துலக்கித் துடைத்து வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் விளிம்புக்குக் கீழே அந்தப் பெயர்.

"ஒண்ணும் தொலையல சாமி" என்றான். "வெறும் ஏனமா எப்டிக் குடுக்கறது? அம்மா கத்துக்குடுத்ததுதானே. ஞாயித்துக்கெழம எதனா செஞ்சு போட்டு எடுத்துகினு போலாம்னு இவளும் சொல்லுவா, நானும் சொல்லுவேன். அன்னிக்கும் டூட்டி வந்துடும். ரெண்டு ஏனம் சேந்துச்சு, அப்பால நாலு. இத்தினியும் ரொப்பிகினு எப்டிப் போறதுன்னு, போவவே கூச்சமா பூட்ச்சு. போன் பண்ணாலும் ஏனம் எங்கன்னு கேப்பாங்களேன்னு அதையும் வுட்டேன்."

"அவர் உன்னை நிரப்பிக்கொண்டா வரச் சொன்னார்?"

"அம்மாகிட்ட இதச் சொல்லிடலாம்னு இருக்க சொல்லோ அந்த டப்பா வந்துச்சு. எங்கம்மா கையால பிளாஸ்டிக்! தூக்கிப் போட்டுடலாம்னு வேற சொன்னீங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு சாமி. இனிமே நீ வரவே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு."

அவன் அம்மா கடை மூலையில் நின்றதையும், அவனுக்குப் பாரம் வேண்டாம் என்றே அந்த டப்பாவை வாங்கியதையும், ஏனம் வந்ததா என்று திருவோணந்தோறும் வாசலில் நின்று கேட்டதையும் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மருமகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பிறகு எழுந்து, அடுப்புக்குப் பின்னாலிருந்து அந்த டப்பாவை எடுத்தான். அதையும் எறிந்திருக்கவில்லை. மெல்லக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்து, அடியைப் பார்த்தான்.

"அஞ்சு, சாமி" என்றான். "பாத்துத்தான் வாங்கிகீறாங்க."

புறப்படும்போது ஒரு தூக்கை என் கையில் கொடுத்தான். வாங்கிவந்தேன், ஆனால் என்னிடமே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. என் கைக்குத் தெரிந்த தயிர்ச்சோற்றை இட்டு அடுத்த திருவோணத்தில் அவனிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் தரும்போது வெறுமையாகவே கொண்டுவா என்று சொல்லிவந்தேன். வெறும் ஏனமா சாமி என்று இருமுறை கேட்டான். அதற்குப் பிறகு என் முழங்கால் வண்டி மாறிப் போக இடந்தரவில்லை. சில திருவோணங்கள் கழிந்தன. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அகத்தி மரத்தை வீட்டு உரிமையாளர் வெட்டிவிட்டார். விடியலில் நான் பாசுரம் ஓதுகிறேன். அதைக் கேட்டு எந்த வீட்டிலும் உலை கொதிப்பதில்லை.

இதை இவ்வளவு எழுதியபோது வாசற்கதவின் கொக்கி ஓசைப்பட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். மகன் நின்றிருந்தான், கையில் தூக்கு. உள்ளே வந்து, தவறு செய்தவன்போல மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒன்றும் இல்லை. துலக்கிய பளபளப்பு மட்டும் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, தூக்கோடு கொல்லைப்புறம் போனேன். மதிலுக்கு அப்பால் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"வந்தது அம்மா" என்றேன்.

இதைப் படிப்போர் இல்லங்களில் உலை ஓயாது கொதிக்க. உண்ணும் சோறு நஞ்சின்றி உடலில் சேர்க. அவர்கள் அனுப்பிய கலங்கள் யாவும் திரும்பி வருக. நிறைந்து வாராவிடினும், கொண்டுவரும் கை வருக. திருமகள் வந்து நின்ற ஊரின் நாயகன் எல்லோரையும் காக்க.